ரோஜாச் செடிக்குப் பசியா, உப்பா? உரம் போடுவதற்கு முன் ஒரு நிமிடம்!

ராயபுரத்திலோ திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலோ ஏதாவது ஒரு பொக்கே கடை முன்னால் நின்று பாருங்கள். தண்ணீர் வாளியில் நீளக் காம்போடு சிவப்பு ரோஜாக்கள் நிற்கும். சென்னைக்கு வரும் இந்தக் காம்பு ரோஜாவில் பெரும்பகுதி ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளைந்தது. பூ அங்கிருந்து இங்கே வருகிறது. உரமோ இங்கிருந்துதான் தமிழ்நாட்டு வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் போகிறது. திருவொற்றியூரை ஒட்டியிருக்கும் மணலியில் யூரியா ஆலை, எண்ணூரில் இன்னொரு உர ஆலை, அந்தப் பக்கம் துறைமுகம் என்று உரத்தோடு நெருங்கிய பகுதி நம்ம வடசென்னை.

ஆனால் இதே பகுதியில் மாடியில் தொட்டி வைத்து ரோஜா வளர்க்கிறவர்களைக் கேட்டால், பாதிப்பேர் சொல்வது ஒரே கதைதான். "வாங்கி வந்தப்போ நல்லா பூத்துச்சு. அப்புறம் இலை ஓரம் எல்லாம் கருகிப் போச்சு. உரம் போட்டேன், இன்னும் மோசமாயிடுச்சு."

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. இலை ஓரம் கருகியதைப் பார்த்ததும் செடிக்குப் பசி என்று நினைத்து அம்மா ஒரு கை உரம் போட்டார். இரண்டே வாரத்தில் செடி முழுக்கக் காய்ந்துவிட்டது. அந்தச் செடிக்கு இருந்தது பசி இல்லை, உப்பு. பசிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரிந்தால் உங்கள் செடியும் பிழைக்கும், பணமும் மிஞ்சும். ஒரு ஏக்கரில் ரோஜா போட்டிருக்கும் விவசாயிக்கு இது இன்னும் பெரிய விஷயம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பையில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

எந்த உரப் பையை எடுத்தாலும் அதில் சில எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இரண்டாவது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். மூன்றாவது சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ். 19:19:19 என்றால் 100 கிராம் உரத்தில் மூன்று சத்தும் தலா 19 கிராம் இருக்கிறது என்று அர்த்தம்.

யூரியாவில் இருப்பது தழைச்சத்து மட்டும்தான், 46 சதவீதம். மணலியில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'விஜய்' என்ற பெயரில் வரும் யூரியா இங்கே தயாராவதுதான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் செடியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நைட்ரஜனை அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஹைட்ரஜனோடு சேர்த்து முதலில் அம்மோனியா ஆக்குகிறார்கள். பிறகு அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து யூரியா ஆக்குகிறார்கள். ஹைட்ரஜனுக்காக இந்த ஆலை பல வருடம் நாப்தாவை நம்பியிருந்தது. எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் வந்த பிறகு, 2019-இல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

எண்ணூரில் இருக்கும் கோரமண்டல் நிறுவனத்தின் ஆலை அமோனியம் பாஸ்பேட் சல்பேட் வகை உரத்துக்குப் பெயர் பெற்றது. அந்தப் பையில் 20:20:0:13 என்று நான்கு எண்கள் இருக்கும். நான்காவது எண் கந்தகச் சத்து. மூன்றாவது எண் 0 என்பதைக் கவனியுங்கள். இந்த உரம் மட்டும் போட்டால் ரோஜாவுக்குப் பொட்டாஷ் கிடைக்காது.

பொட்டாஷ் உரத்தைப் பொறுத்தவரை இந்தியா இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. அதில் இரண்டு வகையை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று மியூரியேட் ஆஃப் பொட்டாஷ். விலை குறைவு, 60 சதவீதம் பொட்டாஷ். ஆனால் எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. இன்னொன்று சல்பேட் ஆஃப் பொட்டாஷ். விலை அதிகம், 50 சதவீதம் பொட்டாஷ். இதில் குளோரைடு பிரச்சினை இல்லை. ரோஜா, உப்பையும் குளோரைடையும் தாங்காத செடி. அதனால் ஏற்கெனவே உப்புத்தண்ணீர் இருக்கும் நம்ம பகுதிக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

வேர் எப்படிச் சாப்பிடுகிறது?

வேர் உரத்தை அப்படியே திடப்பொருளாக எடுக்காது. தண்ணீரில் கரைந்து இருந்தால்தான் எடுக்கும். யூரியா கரைந்ததும் மண்ணில் இருக்கும் நொதிகள் அதை அமோனியமாக மாற்றுகின்றன. பிறகு பாக்டீரியாக்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ரோஜா வேர் இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் நைட்ரேட்டாக. நம்ம ஊர் வெயிலில் இந்த மாற்றம் சில நாட்களில் நடந்துவிடும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. செடி எடுக்காதது தண்ணீரோடு கீழே போய்விடும்.

பாஸ்பரஸ் இதற்கு நேர்மாறு. போட்ட இடத்திலேயே மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நகராது. அதனால் அதை மேலே தூவிப் பயனில்லை. வேர் இருக்கும் ஆழத்தில் மண்ணோடு கலக்க வேண்டும்.

அடுத்தது முக்கியமான விஷயம். யூரியா தவிர மற்ற ரசாயன உரங்களில் பெரும்பாலானவை வேதியியல்படி உப்புகள்தான். யூரியாவும் மண்ணில் மாறியதும் உப்பாகத்தான் நிற்கிறது. வேருக்கு வெளியே இருக்கும் தண்ணீரில் உப்பு ஏற ஏற, வேர் தண்ணீரை உள்ளே இழுக்கச் சிரமப்படும். மண் ஈரமாக இருந்தாலும் செடி வாடி நிற்பது இதனால்தான். தண்ணீர் உள்ளே போகாவிட்டால் சத்தும் சரியாகப் போகாது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? செடி வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் உரம் போடுகிறோம்.

வேருக்குக் காற்றும் வேண்டும். சத்தை உள்ளே இழுக்க வேர் சக்தி செலவு செய்கிறது, அதற்கு ஆக்சிஜன் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது போடும் உரம் வீண். தண்ணீர் வடியட்டும், பிறகு போடலாம்.

ரோஜா எப்போது சாப்பிடுகிறது?

கவாத்து செய்த பிறகு புதுத் துளிர் வந்து, தண்டு நீண்டு, மொட்டு வந்து, பூ வெட்டும் வரை சுமார் 45 முதல் 60 நாள் ஆகும். இந்தச் சுற்றில் செடி எப்போது அதிகமாகத் தழைச்சத்தை எடுக்கும்? தண்டு வேகமாக வளரும்போது என்றுதானே நினைப்போம்?

அப்படி இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1990-களில் பசுமைக்குடில் ரோஜாக்களை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். புதுத் தண்டு வேகமாக நீளும் நாட்களில் வேர் எடுக்கும் நைட்ரஜன் குறைந்துபோனது. தண்டு வளர்ச்சி நின்று பூ வெட்டும் கட்டம் நெருங்கும்போது அது உச்சத்துக்குப் போனது. அப்படியென்றால் துளிருக்கு வேண்டிய நைட்ரஜன் எங்கிருந்து வந்தது? பழைய தண்டிலும் இலையிலும் செடி சேமித்து வைத்ததிலிருந்து. செடி முதலில் சேமிப்பை எடுத்துச் செலவு செய்கிறது, பிறகு அதை நிரப்பிக்கொள்கிறது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். ஒன்று, கவாத்து முடிந்த கையோடு யூரியாவை மொத்தமாகக் கொட்டினால் அதில் நிறைய வீணாகும். இரண்டு, கவாத்து செய்யும்போது எல்லா இலையையும் மொட்டையடித்துவிட்டால் செடியின் சேமிப்பும் சேர்ந்து போய்விடும்.

ஓசூரில் எப்படிச் செய்கிறார்கள்?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மிதமான வெயில், குளிர்ந்த இரவு. 'தாஜ்மகால்' போன்ற சிவப்பு ரோஜா ரகங்கள் அங்கே பசுமைக்குடில்களில் விளைகின்றன. காதலர் தினம் நெருங்கும்போது வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன.

அங்கே உரத்தைக் கையால் தூவுவது இல்லை. தண்ணீரில் கரைத்து, சொட்டுக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு தொட்டி இருக்கும். ஒன்றில் கால்சியம் நைட்ரேட். இன்னொன்றில் பாஸ்பேட், சல்பேட் உரங்கள். ஏன் தனித்தனி? அடர்த்தியான கரைசலில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். செடிக்கும் போகாது, குழாயும் அடைத்துக்கொள்ளும். வீட்டில் நாலு பொடியை ஒரே குவளையில் கலக்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

ரோஜாப் பண்ணைக்கு இரண்டு எண்கள் முக்கியம். முதலாவது, தண்ணீரின் கார அமில நிலை, அதாவது பி.எச். ரோஜாவுக்கு இது 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. இரண்டாவது, மின்கடத்து திறன், அதாவது இ.சி. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை இது காட்டும். கொடுக்கும் கரைசலில் எவ்வளவு, வேர்ப்பகுதியிலிருந்து வடியும் தண்ணீரில் எவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வடியும் தண்ணீரில் எண் ஏறிக்கொண்டே போனால், கொடுத்ததைச் செடி எடுக்கவில்லை என்று அர்த்தம். உடனே உரத்தைக் குறைப்பார்கள். இந்த அளவெடுக்கும் பழக்கத்தைத்தான் நம்ம மாடிக்கும் கொண்டுவர வேண்டும். அதற்குப் பசுமைக்குடில் எல்லாம் தேவையில்லை.

வடசென்னையின் பிரச்சினை: தண்ணீரிலேயே உப்பு

எண்ணூருக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால் கடல்நீர் உள்ளே வந்தது 1960-களின் இறுதியிலிருந்தே பதிவாகியிருக்கும் விஷயம். காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியதையும் நீங்கள் அறிவீர்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரிந்துவிடும்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன வழிகாட்டி ஒரு கணக்கு சொல்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை. 450 முதல் 2,000 வரை கவனம் தேவை. 2,000-க்கு மேல் போனால் கடுமையான சிக்கல். இது பொதுவான கணக்கு. ரோஜா போன்ற செடிக்கு நடுப்பகுதியிலேயே சிரமம் ஆரம்பித்துவிடும். குடிநீர்ச் சுத்திகரிப்பான் பழுதுபார்க்க வருகிறவர் ஒரு பேனா மாதிரி கருவியைத் தண்ணீரில் வைத்து 'டி.டி.எஸ்.' என்று ஒரு எண் சொல்வாரே, அது இதே உப்பு அளவுதான். அந்தக் கருவி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. துல்லியமான எண் இல்லையென்றாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

இப்போது நம் வீடுகளில் நடக்கும் ஒரு பெரிய தவறுக்கு வருவோம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்கக்கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீர் 3 லிட்டர் உள்ளே போகிறது. 1 லிட்டர் குடிநீராக வருகிறது, அதில் உப்பு மிகக் குறைவு. மிச்சம் 2 லிட்டரில் கிட்டத்தட்ட மொத்த உப்பும் சேர்ந்து, அதன் டி.டி.எஸ். ஏறக்குறைய 1,500 ஆகிவிடுகிறது. இதைத் தினமும் தொட்டியில் ஊற்றினால், தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். எங்கள் வீட்டுச் செடி போனது இதனால்தான். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். ரோஜாவுக்கு வேண்டாம். அதற்குப் பதில் குழாய் குடிநீர், பிடித்து வைத்த மழைநீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இவற்றில் எது கிடைக்கிறதோ அது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தேங்காய் நார்க்கழிவுக் கட்டி வாங்கி அப்படியே தொட்டியில் போடாதீர்கள். கழுவாத நார்க்கழிவிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகு கலக்குங்கள்.

இலையைப் பார்த்தே சொல்லலாம்

உரம் எடுப்பதற்கு முன் செடியை ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த இலையில் பிரச்சினை, பழைய இலையா, புதிய இலையா என்பதுதான் முதல் கேள்வி.

* அடியில் இருக்கும் பழைய இலை முழுக்க வெளிர் மஞ்சள், வளர்ச்சியும் மந்தம்: தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம்.
* பழைய இலையில் நரம்பு பச்சை, நடுவே மஞ்சள்: மெக்னீசியம் குறைவு.
* புது இலையில் நரம்பு பச்சை, நடுவே மஞ்சள்: இரும்புச்சத்துக் குறைவு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் அல்ல, மண் காரத்தன்மையாகி இரும்பு கரையாமல் நிற்பதால் வருவது. முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும். அவசரத்துக்கு, கடையில் 'கீலேட்' என்று எழுதியிருக்கும் இரும்புச்சத்து உதவும்.
* இலை நுனியும் ஓரமும் கருகுகிறது, தொட்டியின் வெளிப்புறத்தில் அல்லது மண் மேல் வெள்ளைப் படிவம்: உப்பு. உரத்தை உடனே நிறுத்துங்கள்.

பொட்டாஷ் குறைந்தாலும் பழைய இலையின் ஓரம் கருகும். அதனால்தான் பலர் குழம்பிப்போகிறார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி, தொட்டியின் அடியில் வடிவதை ஒரு கிண்ணத்தில் பிடியுங்கள். ஊற்றிய தண்ணீரின் டி.டி.எஸ்., வடிந்த தண்ணீரின் டி.டி.எஸ். இரண்டையும் பாருங்கள். வடிந்ததில் எண் பல மடங்கு என்றால் தொட்டியில் உப்பு சேர்ந்திருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். புதுத் துளிர் வரும் வரை உரம் வேண்டாம்.

சரி, எவ்வளவுதான் போடுவது?

நிலத்தில் வளர்க்கும் ரோஜாவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: கவாத்துக்குப் பிறகு செடி ஒன்றுக்கு 10 கிலோ தொழு உரம், அதோடு தழை, மணி, சாம்பல் சத்துகள் 6:12:12 கிராம்.

இதை உரக் கணக்கில் மாற்றினால்:

* யூரியா 13 கிராம்
* சூப்பர் பாஸ்பேட் (16 சதவீதம்) 75 கிராம்
* சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 24 கிராம்

13 கிராம் யூரியா என்றால் மூன்று டீஸ்பூனுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். நாம் 'ஒரு கை' என்று அள்ளிப் போடுவது இதைப்போல மூன்று மடங்குகூட வந்துவிடும். தொழு உரத்தையும் சூப்பர் பாஸ்பேட்டையும் ஆரம்பத்திலேயே மண்ணோடு கலந்துவிடுங்கள். யூரியாவை மட்டும் இரண்டு மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை மொட்டு பெருத்து வரும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் தண்ணீர் விடுங்கள். மேலேயே கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

தொட்டிக்கு இந்த அளவு பொருந்தாது. 10 கிலோ தொழு உரம் தொட்டிக்குள் போகவே போகாதே! தொட்டி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் இருக்கட்டும். தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம். அதில் நைட்ரஜன் 190 மில்லிகிராம் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றினால் போதும். ஒரு டீஸ்பூன் உரம் சுமார் 5 கிராம் வரும். ஆகவே ஒரு டீஸ்பூனுக்கு 5 லிட்டர் தண்ணீர், ஒரு சொம்பு இல்லை. மொட்டு இருக்கும் நாட்களில் தவறாமல் கொடுங்கள். கடும் வெயிலில் செடி வாடி நிற்கும்போதும், மழையில் நனைந்து நிற்கும்போதும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் போனில் என்ன கிடைக்கும்?

திருவள்ளூர் பக்கம் நிலம் வைத்து ரோஜா, மல்லி போடுகிறவர்களும், ஊரில் அப்பா அம்மா விவசாயம் பார்க்க இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*உழவன் செயலி:* தமிழ்நாடு அரசின் இந்தச் செயலியில் உங்கள் பகுதி விற்பனை நிலையங்களில் உர இருப்பு எவ்வளவு என்று பார்க்கலாம். கடைக்கு நடையாய் நடக்க வேண்டாம். மானியத் திட்டங்கள், வானிலை, சந்தை விலை விவரங்களும் இதில் உண்டு.

*தமிழ் மண்வளம் இணையதளம்:* மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து உங்கள் நிலத்தின் மண்வள விவரத்தைப் பார்க்கலாம். மண் பரிசோதனைக்குக் கொடுப்பதாக இருந்தால், நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் வெட்டி மண் எடுத்து, கலந்து, அரை கிலோ கொடுங்கள். வரப்பு ஓரம், எருக்குழி, உரம் போட்ட இடம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

*உழவர் அழைப்பு மையம்:* 1800-180-1551. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

*பயிற்சி:* சென்னை கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது. மாடித்தோட்டப் பயிற்சிகள் எப்போது என்று கேட்டுக்கொள்ளலாம்.

*உரம் வாங்கும்போது:* மானிய உரம் விற்பனை முனையக் கருவி வழியாகத்தான் தரப்பட வேண்டும். ஆதாரைக் காட்டி, ரசீது கேட்டு வாங்குங்கள். 45 கிலோ வேம்பு பூசிய யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. "யூரியா வேணும்னா இந்த டானிக்கையும் வாங்கணும்" என்று கடைக்காரர் கட்டாயப்படுத்தக் கூடாது. அப்படி நடந்தால் உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் சொல்லலாம்.

விலை குறைவுதானே, கூடக் கொஞ்சம் போட்டால் என்ன?

இந்தக் கேள்வி நியாயமானதுதான். மூட்டைக்கு நாம் கொடுக்கும் 266 ரூபாய் 50 காசு அதன் உண்மையான செலவு இல்லை. அதைப்போலப் பல மடங்கு மானியமாக அரசிடமிருந்து போகிறது, அது நம் வரிப்பணம். செடி எடுக்காத நைட்ரேட் நிலத்தடி நீரில் சேர்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இன்னொரு செலவு வடசென்னைக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. உரம் நமக்குத் தேவை, அதில் சந்தேகம் இல்லை. அது இல்லாமல் இத்தனை பேருக்குச் சோறு விளையாது. ஆனால் ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் எரிவாயு இருக்கிறது, கப்பல் இருக்கிறது, குழாய் இருக்கிறது, அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவ்வளவும் கடந்து வந்த உரத்தில் வேர் எடுக்காத பங்கு மண்ணுக்கடியில் போய் வீணாவது யாருக்குமே லாபம் இல்லை.

ஆகவே அடுத்த முறை ரோஜா இலை ஓரம் கருகினால், உர டப்பாவை எடுக்காதீர்கள். முதலில் தொட்டிக்கு அடியில் ஒரு கிண்ணம் வையுங்கள். வடியும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பசியா உப்பா என்று முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டு மாடியில் இப்போது வேறொரு ரோஜா இருக்கிறது. அம்மா அதற்கு ஏ.சி. தண்ணீரைத்தான் பிடித்து ஊற்றுகிறார். உரம் மாதம் இரண்டு முறை, 5 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். இந்த வாரம் நான்கு மொட்டு விட்டிருக்கிறது.